யாருடைய இறால் பண்ணை?
பன்னாட்டு நிறுவனப் பாடத்தில் நாம் தாண்டிச் செல்லும் ஒரு சொல்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் உலகமயமாதல் பாடம் வரும்போது பன்னாட்டு நிறுவனங்களுக்கு நாம் ஒதுக்கும் நேரம் மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பாடவேளை. தலைமையகம் ஒரு நாட்டில், உற்பத்தி பல நாடுகளில். நன்மைகள் சில, தீமைகள் சில. தேர்வுக்கு ஒரு வினா. மேல்நிலை வணிகவியலிலும் ஏறக்குறைய இதே கதைதான். வரையறையைச் சொல்லும்போது "பல நாடுகளில் தொழிலைச் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது கட்டுப்படுத்தும் நிறுவனம்" என்கிறோம். அதில் "சொந்தமாக" என்ற சொல்லில் நாமும் நிற்பதில்லை, மாணவர்களும் நிற்பதில்லை.

ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் நிறுவனம் முதலில் உட்கார்ந்து யோசிப்பது அந்தச் சொல்லைத்தான். ஆலை முழுவதும் நம்முடையதாக இருக்கட்டுமா, உள்ளூர்க்காரரோடு கூட்டுச் சேரலாமா, சேர்ந்தால் நம் பங்கு எத்தனை விழுக்காடு, அந்தப் பங்கை எந்த நாட்டு முகவரியில் வைத்துக்கொள்வது? நாளை அந்த நாட்டில் போர் மூண்டாலோ, ஆட்சி மாறினாலோ, வரிச்சட்டம் திருத்தப்பட்டாலோ யார் யாரிடம் போய் இழப்பீடு கேட்கலாம் என்பது இந்தப் பதில்களில் முன்கூட்டியே அடங்கியிருக்கிறது.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. சொத்தின்மேல் உள்ள பாத்தியத்தையும் 'உரிமை' என்கிறோம், குடிமகனுக்கு உள்ளதையும் 'உரிமை' என்கிறோம். குழந்தைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று திருத்திக்கொண்டே இருப்போம். இந்தப் பாடத்துக்கு மட்டும் அந்தக் குழப்பம் நல்லது. கீழே சொல்லப்போகும் கதையில் முதல் உரிமை இருந்தவருக்கே இரண்டாவது உரிமையும் கிடைத்தது.

பதினொரு மாத அக்ரிமென்ட்

எங்கள் மயிலாப்பூர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் வாடகை வீட்டுப் பிள்ளைகள். பதினொரு மாத அக்ரிமென்ட் என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "அந்த வீட்டில் சுவரோடு சேர்த்து அலமாரி அடிப்பீர்களா?" என்று கேட்டால் ஒரே குரலில் "மாட்டோம் மிஸ்" என்பார்கள். ஏன்? காலி பண்ணச் சொன்னால் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பீரோ என்றால் வண்டியில் ஏற்றிவிடலாம்.

மாட வீதியில் கடை எடுப்பவரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார். குத்தகை நீளமாகவும் உரிமையாளர் நம்பகமானவராகவும் இருந்தால் தரைக்குக் கிரானைட் போடுவார். இல்லையென்றால் இரும்பு ரேக்கோடு சரி. சிலர் கட்டட உரிமையாளரின் மகனையே தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். பங்காளியின் கடையை அப்பாவே காலி செய்யச் சொல்ல மாட்டார் அல்லவா?

நிலையற்ற நாட்டில் முதலீடு செய்யும் நிறுவனத்தின் முன்னும் இதே மூன்று வழிகள்தாம். தூக்கிக்கொண்டு போகக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம். உள்ளூர்ப் பங்காளியைச் சேர்த்துக்கொண்டு ஆபத்தைப் பகிரலாம். ஆனால் லாபத்தையும் தொழில் ரகசியத்தையும் பகிர வேண்டியிருக்கும், பங்காளிச் சண்டை வேறு. அல்லது முழுதும் சொந்தமாக வைத்துக்கொண்டு ஆபத்தை முழுதாகச் சுமக்கலாம். முதலீட்டு ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. இரண்டு அரசுகள் தமக்குள் கையெழுத்திட்டு, "உன் நாட்டவர் என் நாட்டில் போடும் முதலைக் காப்பேன், பறிமுதல் செய்தால் ஈடு தருவேன், தகராறு வந்தால் என் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் மன்றத்துக்கு வரச் சம்மதிக்கிறேன்" என்று வாக்குக் கொடுக்கின்றன. நீண்ட குத்தகைப் பத்திரம் கையில் இருந்தால் கடைக்காரர் கிரானைட் போடத் துணிவதுபோல, இந்த வாக்கு இருந்தால் நிறுவனம் பெரிய பங்கை வைத்துக்கொள்ளத் துணியலாம் என்பதே இதன் பின்னுள்ள எதிர்பார்ப்பு.

இத்தகைய முதல் ஒப்பந்தம் 1959இல் மேற்கு ஜெர்மனிக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கையெழுத்தானது. முதலீட்டுத் தகராறுகளுக்கென்று உலக வங்கியின் கீழ் வாஷிங்டனில் ஒரு தீர்வு மையம் 1966இல் வந்தது. இலங்கை அதில் உறுப்பு நாடு. இந்தியா இன்றுவரை சேரவில்லை.

மட்டக்களப்பில் நடந்தது

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவியை ஒட்டிய கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1980களின் நடுவில் ஓர் இறால் பண்ணை தொடங்கப்பட்டது. அதை நடத்தியது செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற இலங்கை நிறுவனம். ஜப்பானுக்கு இறால் ஏற்றுமதி செய்வது திட்டம். இந்த நிறுவனத்தில் 48.2 விழுக்காடு பங்கு ஏசியன் அக்ரிகல்சுரல் புராடக்ட்ஸ் என்ற ஹாங்காங் நிறுவனத்திடம் இருந்தது. உள்நாட்டுப் போர் ஏற்கெனவே தொடங்கியிருந்த பகுதி அது. முழுதும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கோடு ஹாங்காங் நிறுவனம் நின்றதை மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். இந்த 48.2 பின்னால் ஒரு முறை வரும்.

1987 ஜனவரி 28 அன்று அரசின் சிறப்பு அதிரடிப்படை அந்தப் பகுதியில் ஒரு நடவடிக்கையை மேற்கொண்டது. பண்ணை அழிந்தது. பண்ணை மேலாளர் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். சுற்றியிருந்த ஊர்களிலும் உயிர்கள் போயின. அங்குள்ள மக்கள் இன்றும் இதை இறால் பண்ணைப் படுகொலை என்றுதான் சொல்கிறார்கள். பண்ணையைப் போராளிகள் தளமாகப் பயன்படுத்தினார்கள் என்பது அரசின் வாதம். நிறுவனம் அதை மறுத்தது.

அதே ஆண்டு ஜூலையில் ஹாங்காங் நிறுவனம் வாஷிங்டன் மையத்தில் இலங்கை அரசின்மீது வழக்குத் தொடுத்தது. எந்த அடிப்படையில்? அந்த நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையே நடுவர் மன்றம் பற்றிய தனி ஒப்பந்தம் எதுவும் இல்லை. பிரிட்டனும் இலங்கையும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டு ஒப்பந்தம் இருந்தது. ஹாங்காங் அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இருந்ததால் 1981இல் அந்த ஒப்பந்தம் ஹாங்காங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியது. இரண்டு அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட தாளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தனியார் நிறுவனம் அந்த மையத்தில் அரசை வழக்கில் நிறுத்தியது அதுவே முதல் முறை. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு அது. நம் கடலுக்கு அக்கரையில், தமிழ் பேசும் ஊரில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நிறுவனம் கேட்டது 80,67,368 டாலர். மூன்று நடுவர்கள் அமர்ந்த மன்றம் 1990 ஜூன் 27 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் மூன்று பகுதிகள் நம் பாடத்துக்குத் தேவை.

"முழுப் பாதுகாப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் எது நடந்தாலும் அரசே பொறுப்பு என்ற நிறுவனத்தின் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் காப்பீட்டுப் பாலிசி அல்ல என்பது இதன் பொருள். பண்ணையை அழித்தது அரசுப் படைதான் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. பிறகு அரசு எப்படித் தோற்றது? உரிய கவனம் எடுக்கவில்லை என்பதால். சந்தேகத்துக்குரிய ஊழியர்கள் இருந்தால் நிர்வாகத்திடம் சொல்லி, அமைதியான முறையில் அவர்களை வெளியேற்ற அரசு முயன்றிருக்கலாம். அதைச் செய்யாமல் நேரே ஆயுத நடவடிக்கைக்குப் போனது தவறு என்பது பெரும்பான்மை நடுவர்களின் முடிவு. ஒருவர் மாறுபட்டு எழுதினார்.

அடுத்தது பணம். இங்கேதான் உரிமை என்ற சொல் தன் முழுக் கனத்தையும் காட்டுகிறது. பண்ணையின் குளங்கள், கட்டடங்கள், இறால் ஆகியவற்றின் விலையை ஹாங்காங் நிறுவனம் நேராகக் கேட்க முடியாது என்றது மன்றம். ஏனென்றால் அவை செரண்டிப்புக்குச் சொந்தம். செரண்டிப் இலங்கை நிறுவனம். ஒப்பந்தம் காப்பது ஹாங்காங் நிறுவனத்தின் முதலீட்டை மட்டுமே. அதன் முதலீடு என்பது செரண்டிப்பில் வைத்திருந்த பங்கு. ஆகவே அந்தப் பங்கின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஈடு. பண்ணை புதிது, லாபம் ஈட்டிக் காட்டிய வரலாறு இல்லை. எனவே எதிர்கால லாபக் கணக்கும் தள்ளப்பட்டது. இறுதியில் கிடைத்தது 4,60,000 டாலரும் வட்டியும். கேட்டதில் ஏறக்குறைய 5.7 விழுக்காடு. (எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர் இந்த விழுக்காட்டை எடுத்துக்கொண்டால் ஒரு நல்ல கணக்கு கிடைக்கும்.)

மீதி 51.8 விழுக்காட்டின் நிலை என்ன? இலங்கைக் குடிமகன் தன் சொந்த அரசின்மீது இந்த ஒப்பந்தத்தைக் கொண்டு வழக்குத் தொடர முடியாது. ஒரே பண்ணை, ஒரே நாள், ஒரே இழப்பு. பங்குப் பத்திரத்தில் ஹாங்காங் முகவரி இருந்தவருக்கு வாஷிங்டனின் கதவு திறந்தது. கொழும்பு முகவரி உள்ள பங்குக்கு அந்தக் கதவே கிடையாது.

கொல்லப்பட்ட ஊழியர்களின் குடும்பங்களை இந்த வழக்கில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் முதலீட்டாளர்கள் அல்லர். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "அந்தப் பணம் செத்தவங்க வீட்டுக்குப் போச்சா மிஸ்?" என்று கேட்டாள். தீர்ப்பு பங்கின் மதிப்புக்குத்தான் பணம் கொடுக்கச் சொன்னது என்று பதில் சொன்னேன். அடுத்த கேள்விக்கு நான் சற்று நேரம் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, அந்த அமைதியை நிரப்ப நானும் முயலவில்லை.

பாதியா, முழுவதுமா?

ஒப்பந்தம் இருந்தால் நிறுவனங்கள் முழு உரிமைக்குத் துணிகின்றனவா? நம் பக்கத்திலேயே ஒரு ஜோடி இருக்கிறது. ஃபோர்டு 1995இல் மகிந்திராவுடன் சரிபாதிக் கூட்டாக வந்து மறைமலைநகரில் ஆலை அமைத்தது. பிறகு தன் பங்கை உயர்த்திக்கொண்டது. ஹூண்டாய் 1996இல் முழு உரிமைத் துணை நிறுவனமாகவே வந்து இருங்காட்டுக்கோட்டையில் இறங்கியது. இந்தியாவுக்கும் தென்கொரியாவுக்கும் முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1996இல்தான். அமெரிக்காவுடன் இந்தியாவுக்கு அப்படியோர் ஒப்பந்தம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பார்த்த மாத்திரத்தில் "ஒப்பந்தம் இருந்தது, முழு உரிமை எடுத்தது, இல்லை, பாதி எடுத்தது" என்று சொல்லத் தோன்றும். சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த உதாரணத்தை வைத்திருக்கிறேன். புதிய சந்தையில் வியாபாரிகளையும் அரசு அலுவலகங்களையும் அறிந்த கூட்டாளி ஃபோர்டுக்குத் தேவைப்பட்டிருக்கலாம். கொரிய நிறுவனத்துக்குத் தன் உதிரிபாக நிறுவனங்களையும் கூடவே அழைத்துவரும் வழக்கம் இருந்தது. அதோடு ஃபோர்டு ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே பின்னர் தன் பங்கைக் கூட்டிக்கொண்டது. இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக நடப்பதற்கும் ஒன்றால் மற்றது நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினோராம் வகுப்புக்குச் சொல்ல இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் கிடைக்காது.

உரிமையின் அளவை எப்போதும் நிறுவனமே முடிவு செய்வதும் இல்லை. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தம் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்றது. கோகோ கோலா 1977இலும் ஐபிஎம் அதற்கடுத்த ஆண்டும் வெளியேறின. மற்றவை பங்கைக் குறைத்துக்கொண்டு இருந்துவிட்டன.

எந்த முகவரி?

எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்குப் பிறகு எங்கிருந்து என்ற கேள்வி. நிறுவனங்களின் சாமர்த்தியம் அதிகம் வெளிப்படுவது இங்கே.

மகாராஷ்டிரத்தின் தபோல் மின்நிலையத்தை நம் வயதுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டோம். என்ரான், ஜெனரல் எலக்ட்ரிக், பெக்டெல் மூன்றும் அமெரிக்க நிறுவனங்கள். ஆனால் பங்குகள் மொரீஷியஸ் நிறுவனங்கள் வழியாக வைக்கப்பட்டிருந்தன. மொரீஷியஸுடன் 1982இல் செய்த வரி ஒப்பந்தத்தால் அந்த வழி இந்தியாவுக்கு முதல் கொண்டுவருவோருக்குப் பழகிய வழி. 2001இல் திட்டம் முடங்கியது, என்ரான் திவாலானது. அமெரிக்காவுடன் ஒப்பந்தம் இல்லாததால் மற்ற இரு நிறுவனங்களும் அந்த நாட்டின் பெயரால் நடுவர் மன்றத்துக்குப் போக முடியாது. ஆனால் மொரீஷியஸுடன் இந்தியா 1998இல் ஒரு முதலீட்டு ஒப்பந்தம் செய்திருந்தது! வரிக்குப் பயன்பட்ட முகவரி வழக்குக்கும் பயன்பட்டது. 2005இல் சமரசத்தில் முடிந்தது.

அதே பெக்டெல் பொலிவியாவின் கொச்சபம்பா நகரில் குடிநீர் வழங்கும் கூட்டு நிறுவனத்திலும் இருந்தது. 1999 டிசம்பரில் அந்தக் கூட்டின் உரிமைச் சங்கிலியில் நெதர்லாந்து நிறுவனங்கள் புகுத்தப்பட்டன. நெதர்லாந்துக்கும் பொலிவியாவுக்கும் ஒப்பந்தம் உண்டு. சில மாதங்களில், தண்ணீர்க் கட்டண உயர்வை எதிர்த்து நகரமே தெருவில் இறங்கியது; ஒப்பந்தம் ரத்தானது; வழக்கு வந்தது. மன்றம் வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டது. ஆனால் உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2006இல் நிறுவனம் பெயரளவுக்கு இரண்டு பொலிவியானோ நாணயத்துக்குப் பங்கைக் கொடுத்துவிட்டு விலகியது.

முகவரி மாற்றம் எல்லா நேரத்திலும் செல்லாது. சிகரெட் பெட்டிகளில் வணிகச் சின்னங்கள் கூடாது, ஒரே மாதிரி உறைதான் என்று ஆஸ்திரேலியா 2010இல் அறிவித்தது. 2011இல் பிலிப் மோரிஸ் தன் ஆஸ்திரேலியப் பங்குகளைத் தன் ஹாங்காங் நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு ஹாங்காங்–ஆஸ்திரேலியா ஒப்பந்தத்தின்கீழ் வழக்குப் போட்டது. தகராறு வரப்போவது தெரிந்த பின்பு மாற்றியது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2015 டிசம்பரில் மன்றம் வழக்கைத் தள்ளியது. மழை வந்தபின் குடை வாங்கலாம். வீடு பற்றி எரியும்போது காப்பீடு எடுக்க முடியாது என்று வகுப்பில் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

ஒரகடம்

இது போர் நடந்த நாட்டின் கதை மட்டும்தானா? 2008இல் தமிழ்நாடு அரசும் ரெனால்ட்–நிசான் கூட்டணியும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. ஒரகடத்தில் கார் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. ஆலையை நடத்திய நிறுவனம் இந்தியாவில் பதிவான நிறுவனம். அதில் நிசானுக்கு 70, ரெனால்ட்டுக்கு 30 விழுக்காடு. மாநில அரசு வாக்களித்த ஊக்கத்தொகையில் பெரும்பகுதி வரவில்லை என்று சொல்லி, நிசான் 2016இல் பிரதமருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பிறகு நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய் அளவில் என்று செய்திகள் கூறின.

ஒரகடத்து நிறுவனம் இந்திய நிறுவனம் என்பதால் அது தன் பெயரில் இப்படிப் போக முடியாது. கொக்கட்டிச்சோலையில் செரண்டிப் இருந்த அதே இடம். போனது ஜப்பானியத் தாய் நிறுவனம். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஜப்பான் விரிவான பொருளாதார உடன்பாட்டை அது கையில் எடுத்துக்கொண்டது. வாக்குக் கொடுத்தது சென்னைக் கோட்டை. பன்னாட்டு மன்றத்தில் எதிர்மனுதாரராக நின்றது டெல்லி. கூட்டாட்சிப் பாடம் நடத்தும் குடிமையியல் ஆசிரியர்கள் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது: மாநிலம் செய்ததற்கு உலகின் முன் ஒன்றியமே பொறுப்பு. வழக்கு 2020இல் சமரசத்தில் முடிந்தது.

அதற்குள் இந்தியா தன் போக்கை மாற்றியிருந்தது. 1994இல் பிரிட்டனுடன் தொடங்கி வரிசையாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை 2016, 2017 ஆண்டுகளில் முடித்துக்கொண்டது. 2015 டிசம்பரின் புதிய மாதிரி வரைவு மூன்று கதவுகளை இறுக்கியது. வெறும் முகவரி போதாது, அந்த நாட்டில் கணிசமான தொழில் நடத்த வேண்டும். முதலில் ஐந்தாண்டு இந்திய நீதிமன்றங்களை நாட வேண்டும். வரி விவகாரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வோடஃபோன், கெய்ர்ன் வரி வழக்குகளில் பட்ட சூடு மூன்றாவதில் தெரிகிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2024இல் செய்த ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு மூன்றாகக் குறைந்தது.

ஒப்பந்தங்களை ரத்து செய்தால் முதலீடு வராமல் போய்விடுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பந்தமே இல்லாத அமெரிக்கா இந்தியாவின் முன்னணி முதலீட்டு நாடுகளில் ஒன்று. சந்தை பெரிதாக இருந்தால் அக்ரிமென்ட் இல்லாமலும் கடை போடுவார்கள். சிறிய, நிலையற்ற நாட்டுக்கு அந்த வசதி குறைவு. அதனால்தான் அவை ஒப்பந்தத்தில் அதிகம் விட்டுக்கொடுக்கின்றன என்பது என் கருத்து. பேரம் பேசும் வலிமை வேறுபடுகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில்

ஒரு பாடவேளைக்கு நான் செய்வது இது. கரும்பலகையில் ஓர் இறால் பண்ணை வரைகிறேன். அதன்மேல் செரண்டிப், அதற்கும் மேல் இரண்டு கிளைகள்: 48.2, 51.8. வகுப்பை நான்கு குழுவாக்கி நான்கு சீட்டுகள் தருகிறேன்: ஹாங்காங் பங்குதாரர், இலங்கைப் பங்குதாரர், ஊழியரின் குடும்பம், இலங்கை அரசு. ஒவ்வொரு குழுவும் பதிலளிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: "உங்கள் இழப்புக்கு எந்தக் கதவைத் தட்டுவீர்கள்? கையில் என்ன தாள் இருக்கிறது?" அரசுக் குழுவுக்கு மட்டும் கூடுதலாக, "இந்தப் பணம் யாருடைய வரி?" என்ற கேள்வி.

ஓர் எச்சரிக்கை. படுகொலையை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். தாள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வகுப்புகளில் ஈழத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். இருப்பது நமக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே என்றால் மட்டக்களப்பை விட்டுவிட்டு வாடகை வீட்டையும் ஒரகடத்தையும் வைத்தே பாடத்தை முடித்துவிடலாம்.

இரண்டாம் நாள் குழுக்கள் சீட்டுகளை மாற்றிக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கட்டும்: ஹாங்காங்கின் பங்கு 48.2க்குப் பதில் 100 என்றால்? ஈடு கூடியிருக்கும், ஆனால் உள்ளூர்ப் பங்காளி என்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார். அது நல்லதா கெட்டதா என்று சென்ற முறை இரண்டு குழுக்கள் மணி அடித்த பிறகும் விடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாக ஒரகடத்தையே கொடுக்கலாம். அந்த ஆலையில் நிசானிடம் உள்ள பங்குகளை வாங்கி முழு உரிமையையும் எடுத்துக்கொள்வதாக ரெனால்ட் 2025 மார்ச்சில் அறிவித்தது. ரெனால்ட் பிரெஞ்சு நிறுவனம். பிரான்சுடன் இந்தியா வைத்திருந்த முதலீட்டு ஒப்பந்தம் ரத்தானவற்றில் ஒன்று. பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில், ரத்துக்கு முன் போட்ட முதலுக்கு மேலும் பத்துப் பதினைந்து ஆண்டு பாதுகாப்பு தொடரும் என்ற விதி உண்டு. அப்படியானால் 2008இல் போட்ட முதலுக்கு ஒரு கதவு, 2025இல் வாங்கும் பங்குக்கு வேறொரு கதவா? ஜப்பானிய உடன்பாட்டை இனி அந்த ஆலைக்காக யாரேனும் கையில் எடுக்க முடியுமா? ஒரு தாளில் உரிமைச் சங்கிலியை வரைந்து, ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் நாட்டின் பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.